வியாழக்கிழமை முறை

இல்ல தம்பி, இது என் மடியிலயே இருக்கட்டும். மேல கம்பியில வைக்கலாந்தான். ஆனா இந்த வண்டி போடுத ஆட்டத்துக்கு எங்கயாவது ஒரு ஆணி குத்திருச்சின்னா அம்புட்டும் வீணாப் போயிரும். ரப்பர் சாமான். காத்து மெத்தை. படுத்த படுக்கையாக் கெடக்கவங்களுக்கு முதுகுல புண்ணு வராம இருக்க கீழ விரிக்கது. கூடவே ஒரு சின்ன மிசினு இருக்கு, கரண்டுல போட்டா காத்த ஏத்தும், எறக்கும். பாளையங்கோட்டையில கடை கடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வாரேன்.

யாருக்கா? எனக்கு ஒரு விரோதி இருக்காரு தம்பி. அவருக்கு.

சிரிக்கீய. நெசமாத்தான் சொல்லுதேன். இன்னைக்கு நேத்து விரோதியில்ல, நான் பொண்ணு பாக்கப் போன நாள்ல இருந்து விரோதி. அவருக்கு அது தெரியாது, அது வேற விசயம். நீங்க எங்க எறங்கணும், திருச்செந்தூரா? அப்பம் நேரம் கெடக்கு. நான் அதுக்கு முந்தி எறங்கிருவேன், எங்க ஊருக்கு ரோடு பிரியுத சாந்தபுரம் விலக்கு. வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரணும். இன்னைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமைன்னா என்னன்னு பெறவு சொல்லுதேன், மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

அந்தக் கண்டக்டர் பையனப் பாத்தீயளா? விசில வாயில வச்சி ஊதுதானா கொட்டாவி விடுதானான்னு தெரியல. நான் இதே தடத்துல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ரெண்டு விசில் குடுத்தேன்னா விலக்குல இருந்து ஊருக்குள்ள வரைக்கும் கேக்கும். அப்பல்லாம் கடைசி டிரிப்பு ஊருக்குள்ள வந்து கோயில் முன்னாலதான் திரும்பும். அருமைநாயகம் விசிலுன்னே பேரு. என் பேரு அதான்.

கோயில்னா எங்க சர்ச்சு. நாங்க கிறிஸ்தவங்க. எங்க பக்கம் சர்ச்ச கோயில்னுதான் சொல்லுவோம், பாஸ்டர ஐயர்னுதான் கூப்புடுவோம். வெளியூர்க்காரங்களுக்குக் கொழப்பமாத்தான் இருக்கும்.

ஆனா நான் கோயிலுக்குப் போற ஆளு கெடையாது. கிறிஸ்மசுக்கும் புது வருசத்துக்கும் தலையக் காட்டுவேன், அம்புட்டுத்தான். இந்தக் காலத்துல கோயில் எதுக்குங்கேன்? அந்தக் காலத்துல வேணும், சரி. பள்ளிக்கூடம் இல்ல, ஆசுபத்திரி இல்ல, வெள்ளக்காரன் கப்பல்ல வந்து கட்டுனான். இப்பம் பள்ளிக்கூடம் தெருவுக்கு ஒண்ணு. நெஞ்ச வலிச்சா நூத்தியெட்டு வண்டி வருது. பிரசங்கம் கேக்கணுமா, போனத் தொறந்தா நூறு பேரு தொண்டையக் கிழிச்சிட்டு நிக்கான். எம் மவன் பெங்களூர்ல இருக்கான். 'அப்பா, இங்க போனத் தொட்டா சோறு வாசல்ல வந்து நிக்கும்'ங்கான். பெறவு என்னத்துக்கு கோயிலு, சபை, கமிட்டி?

கமிட்டித் தேர்தல்ல தோத்ததுனாலதான் நான் கோயிலுக்குப் போறதில்லன்னு ஊர்ல சொல்லுவானுவ. நம்பாதீய. தோத்தது உண்மைதான். என் வீட்டு ஓட்டாவது எனக்கு விழுந்துச்சான்னு எனக்கு இன்னைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சரி, அத விடுங்க.

என் வீட்டுக்காரி ரூபாவதி எனக்கு நேர்எதிர். மொத மணி அடிக்கதுக்கு முன்னயே போயி பாயத் தட்டிப் போட்டுட்டு உக்காந்திருப்பா. சின்னப் பிள்ளையில இருந்து பாடகர் குழுவுல பாடுதா. நல்ல தொண்டை, இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பாடகர் குழுவுக்குத் தலைவரு யாரு? அங்கதான் வாராரு நம்ம விரோதி. மாசிலாமணி. டெய்லரு. பகல்ல மிசின் மிதிப்பாரு, சாயங்காலம் ஆர்மோனியத்த மிதிப்பாரு. வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி, ஒரு கறை இருக்காது. கல்யாணமே பண்ணிக்கிடல. எதுக்குப் பண்ணிக்கிடலன்னு ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாவ. நான் எதுவும் சொல்லல, நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பொண்ணு பாக்கப் போனப்பவே மாமியாரு என்ன சொன்னாவ தெரியுமா? 'எங்க ரூபாவுக்கு மாசிலாமணி அண்ணன்தான் பாட்டுச் சொல்லிக் குடுத்தது'ன்னு. நான் அங்க உக்காந்து அதிரசம் தின்னுட்டு இருக்கேன். என் மூஞ்சிக்கு நேரா இன்னொரு ஆம்பள பேரு. அன்னைக்கு ஆரம்பிச்சது தம்பி.

இம்புட்டு நாளும் பல்லக் கடிச்சுட்டுத்தான் இருந்தேன். பெறவு அவருக்கு வாதம் அடிச்சுது. இடது பக்கம் பூரா விழுந்துட்டு. பெண்டாட்டி பிள்ள இல்லாத மனுசன், ஒரு அக்கா இருந்தாவ, அவியளும் போயிச் சேந்துட்டாவ. எம் மவன் போன்ல சொல்லுதான், 'அப்பா, ஏதாவது முதியோர் இல்லத்துல விட்டா பாத்துக்கிடுவாவ'ன்னு. நானும் அதத்தான் சொன்னேன். ஆனா எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு. முறைச்சோறுன்னு பேரு. ஆளில்லாத வீட்டுல யாராவது படுத்துட்டாவன்னா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஐயர் பேரச் சொல்லுவாரு. ஏழு வீட்டுக்காரங்க கை தூக்குவாவ. ஏழு வீட்டுக்கு ஏழு நாள். அன்னைக்கு அந்த வீட்டுல என்ன பொங்குதோ அதுல ஒரு பங்கு போவணும். சோத்தக் கொண்டு வச்சிட்டு வந்துரக் கூடாது. ஊட்டி விடணும், வாயத் தொடைக்கணும், விரிப்பு மாத்தணும். படுத்திருக்கது ஆம்பளன்னா அந்த வீட்டு ஆம்பள போயி குளிப்பாட்டி விடணும்.

ரூபா மொத ஆளாக் கை தூக்கிட்டா. என்னயக் கேக்கவேயில்ல. எங்களுக்கு வியாழக்கிழமை விழுந்துச்சு. நான் போறதா? நல்லாருக்கே. கோயில்ல மணி அடிக்க யோபுன்னு ஒருத்தன் இருக்கான், எங்க வீட்டு முறைக்கு அவந்தான் போயி குளிப்பாட்டுவான்.

சரி, வியாழக்கிழமை ஒரு நாள் போனாப் போறான்னு விட்டா, செவ்வாக்கிழமை போறா, 'பல்லு செட்டக் கழுவ மறந்துருப்பாவ'ங்கா. சனிக்கிழமை போறா, 'ஞாயித்துக்கிழமைப் பாட்டு என்னன்னு கேட்டுட்டு வந்திருதேன்'ங்கா. படுத்துக் கெடக்க மனுசன்கிட்ட பாட்டு.

இதக் கேளுங்க. வியாழக்கிழமைன்னா எங்க வீட்டுல வெளமீன். பஞ்சு மாதிரி இருக்கும். அத வேக வச்சி, உக்காந்து வெரலால தடவித் தடவி ஒரு முள்ளு விடாம எடுத்து, சோத்தக் குழையப் பெசஞ்சு தூக்குச்சட்டியில எடுத்துட்டுப் போவா. எனக்கு? எனக்குச் சாளை. முள்ளும் தலையுமா தட்டுல கெடக்கும். இத்தன வருசம் வாக்கப்பட்டு எனக்கு ஒரு நாளு ஒரு முள்ளு எடுத்துத் தந்திருப்பாளா? மவன்ட்ட சொன்னேன். சிரிக்கான். 'அப்பா, அவருக்கு எம்பது வயசாவப் போவுது'ங்கான். எம்பதுன்னா ஆம்பள இல்லையாலேன்னு கேட்டேன். போன வச்சிட்டான்.

போன புது வருச ஆராதனைக்குப் போயிருந்தேன். எங்க கோயில்ல வியாதிக்காரங்க பேர ஒவ்வொண்ணா வாசிச்சு ஜெபம் பண்ணுவாவ. ஐயர் 'மாசிலாமணி'ன்னு வாசிக்காரு. நான் ஆம்பளங்க பக்கத்துல இருந்து எட்டிப் பாக்கேன். ரூபா கண்ண மூடிட்டு இருக்கா, கண்ணுல இருந்து தண்ணி வடியுது. துடைக்கக் கூட இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணுனேன். என் பேரயும் அங்க வாசிக்கணும். என் பேருக்கு அவ கண்ணுல தண்ணி வருதா இல்லையா, பாத்திரணும். இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க. தாலி கட்டுனவன் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை யோபுகிட்ட போனேன். 'எலே யோபு, நாளைக்கு வியாதிக்காரங்க பேருல என் பேரயும் சேத்துரச் சொல்லு ஐயர்ட்ட'ன்னேன். 'என்னாச்சு அண்ணாச்சி?'ன்னான். 'நெஞ்சுல வலி. ரூபாட்ட சொல்லாத, பயந்துருவா'ன்னேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. 'ஆசுபத்திரிக்குப் போவலியா'ன்னான். 'ஜெபம் பண்ணிட்டுப் போவோம்'னேன். நான் ஜெபத்தப் பத்திப் பேசுனதுலயே அவனுக்கு என் முடிவு நெருங்கிட்டுன்னு பட்டிருக்கும்.

ஞாயித்துக்கிழமை ரூபா முன்னால போயிட்டா. நான் பின்னாலயே போயி கோயிலுக்குப் பின்பக்கம், பாடகர் குழு இருக்க எடத்துக்கு நேரா உள்ள ஜன்னலுக்கு வெளிய நின்னேன். செருப்புச் சத்தம் கேக்கும்னு கழத்திப் போட்டுட்டேன். உள்ள ஐயர் பேரு வாசிக்காரு. மாசிலாமணி பேரு வந்துச்சு, வழக்கம் போல அவ கண்ண மூடிட்டா. அடுத்தாப்புல, 'நெஞ்சு வலியால் அவதிப்படுகிற சகோதரர் அருமைநாயகம்'.

நான் ஜன்னல் கம்பியப் பிடிச்சுட்டு அவ கண்ணையே பாக்கேன். கண்ணத் தொறந்தா. தண்ணியக் காணும். ஒரு சொட்டு இல்ல. அதுக்குள்ள என்ன செஞ்சா தெரியுமா, பாட்டுப் பொஸ்தகத்தக் கீழ போட்டா. ஜெபத்துக்கு நடுவுல, எல்லாரும் முழங்கால்ல நிக்கையில, எந்திரிச்சு நடந்தா. ரூபாவதி ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சு நான் பாத்ததேயில்ல, பிரசவ வலி வந்தப்பவே ஆமென் சொல்லிட்டுத்தான் வெளிய வந்தவ. வாசல் தாண்டுனதும் ஓட ஆரம்பிச்சிட்டா.

எனக்கு அப்பந்தான் புத்தியில ஏறுச்சு. வீட்டுல நான் இல்லன்னா என்ன ஆவும்? அவ ரோட்டு வழியா ஓடுதா. கோயிலுக்குப் பின்னால உடமரத்து முள்ளுக்காடு, அதுக்குள்ள பூந்து போனா நான் முந்திரலாம். ஓடுனேன் தம்பி. இந்த வயசுல, வேட்டியத் தூக்கிக் கட்டிட்டு, வெறுங்காலோட, முள்ளுக்குள்ள. பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வாரவன எத்தன பேரப் பாத்துச் சிரிச்சிருக்கேன். அம்புட்டுப் பேரு சாபமும் அன்னைக்கு என் கால்ல இருந்துச்சு. பின்வாசல் வழியா ஏறி, கட்டில்ல விழவும் அவ முன்வாசல்ல நுழையவும் சரியா இருந்துச்சு.

நான் நடிக்கவே வேண்டியதில்ல. வேர்த்து ஊத்துது, மூச்சு வாங்குது, பேச்சு வரல, நெஞ்சு மத்தளம் அடிக்கி. அவ பாத்தா. என் தலைய எடுத்து மடியில வச்சிக்கிட்டா. முந்தானையால மூஞ்சியத் தொடச்சா. 'என்னங்க, எங்கிட்ட ஏன் சொல்லல'ன்னா. கொஞ்ச நேரத்துல ஊரு பூரா வீட்டுக்குள்ள நிக்கி. ஐயரு அங்கியக் கூடக் கழத்தாம வந்துட்டாரு. எங்க சபையில ஒரு நர்சம்மா உண்டு, அவிய கையில பட்டையச் சுத்திப் பாத்துட்டு, பிரசர் ஏகத்துக்கு ஏறிக் கெடக்குன்னுட்டாவ. ஏறாம என்ன செய்யும்? ஒருத்தரு கார எடுத்துட்டு வந்துட்டாரு. நான் ஆசுபத்திரிக்கு மாட்டவே மாட்டேன்னு கட்டிலப் பிடிச்சிக்கிட்டேன். கடைசியில மாத்திரையத் தந்து, அசையாமப் படுக்கணும்னு சொல்லிட்டுப் போனாவ.

கால்ல ஒரு உடமுள்ளு பாதிக்கு மேல ஏறியிருந்துச்சு. சாயங்காலம் ரூபாதான் ஊக்க வச்சி நோண்டி எடுத்தா. எப்பிடிக் குத்துச்சுன்னு கேக்கவேயில்ல. அவளுக்கு அம்புட்டு வெவரம் கெடையாது, வெள்ள மனசு. மறுநாள் காலையில பாக்கேன், கோயில் ஜன்னலுக்குக் கீழ கழத்திப் போட்ட என் செருப்பு ரெண்டும் வீட்டு வாசல்ல சோடியா இருக்கு. யாரு கொண்டாந்து போட்டாவன்னு தெரியல. நல்ல வேளை, அவ கவனிக்கல.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில இல்ல. எனக்கும் முறைச்சோறு போட்டுட்டாவ. 'ரூபா அடுப்படிக்குப் போவக்கூடாது, அவரு பக்கத்துலயே இருக்கட்டும்'னு பெண்கள் சங்கத்துல பேசி, வீட்டுக்கு வீடு முறை வச்சி சோறு வருது. கமிட்டியில எனக்கு எதுத்து நின்னு ஜெயிச்சான் பாருங்க, அவன் வீட்டுல இருந்து கோழிக்கொழம்பு. நல்லாத்தான் இருந்துச்சு. ரூபா எங்கயும் போவல. மாசிலாமணி வீட்டுப் பக்கம் எட்டியே பாக்கல. வியாழக்கிழமை யாரோ மீனு கொண்டாந்தாவ. ரூபா உக்காந்து எனக்கு முள்ளு எடுத்துக் குடுத்தா தம்பி. வெரலால தடவித் தடவி. நான் வாயத் தொறந்துட்டே கெடந்தேன். ஜெயிச்சிட்டோம்டா அருமைநாயகம்னு நெனச்சேன்.

வெள்ளிக்கிழமை யோபு வாரான். மூஞ்சி சரியில்ல. ரூபாவத் தனியாக் கூப்புட்டு ஏதோ சொல்லுதான். இவ அப்பிடியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா. என்ன நடந்திருக்குன்னா, வியாழக்கிழமை மாசிலாமணிக்கு யாரும் சோறு கொண்டு போவல. எங்க வீட்டு முறை. தனக்குப் பதிலா யாராவது போவாவன்னு ரூபா நெனச்சிட்டா. ரூபாதான் முறை இல்லாத நாள்லயே போறவளாச்சே, எப்பிடியும் போயிருப்பான்னு அம்புட்டுப் பேரும் நெனச்சிட்டாவ. யோபு எனக்கு மாத்திரை வாங்க டவுனுக்குப் போயிட்டான். மனுசன் காலையில இருந்து மறுநாள் வரைக்கும் ஒத்தையில கெடந்திருக்காரு.

இனிமேத்தான் நல்லாக் கேக்கணும். வெள்ளிக்கிழமை முறைக்காரி போயி, 'ஐயோ அண்ணாச்சி, நேத்து யாரும் வரலியா'ன்னு தலையில அடிச்சிருக்கா. அதுக்கு அவரு என்ன சொல்லிருக்காரு? 'நேத்து எனக்குச் சோறு வேண்டாம்மா. அருமைநாயகத்துக்காக உபவாசம் இருந்தேன்'.

எனக்கு வந்த கோவத்த எப்பிடிச் சொல்ல? நான் ஓடி, முள்ளுக் குத்தி, மூச்சு முட்டி, ஒரு வாரம் அசையாமப் படுத்து சம்பாரிச்சத எல்லாம் அந்த மனுசன் படுத்த எடத்துல இருந்து ஒரே நாள் பட்டினியில புடுங்கிட்டாரு. அந்த ஞாயித்துக்கிழமை ஐயரு பிரசங்கத்துல அதச் சொல்லிருக்காரு. ரூபா வந்து எங்கிட்ட சொல்லுதா, சொல்லும்போதே கண்ணு ரெண்டும் கலங்குது. யாருக்காகக் கலங்குது? எனக்காகவா அவருக்காகவா? கேட்டேன். 'ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்'னா. சேத்துன்னா என்ன அர்த்தம்?

எனக்கு ஒருத்தரு கடன் ஆவாது. உபவாசம்னாலும் கடன் கடன்தான். அடுத்த வியாழக்கிழமை நான் கட்டில்ல இருந்து எந்திரிச்சேன். 'தூக்குச்சட்டியக் கொண்டா, இன்னைக்கு நான் போறேன்'னேன். ரூபா என்னய மேலயும் கீழயும் பாத்தா. 'நீங்களா'ன்னா. 'ஏன், எனக்குக் கையில்லையா'ன்னேன். எடுத்துத் தந்தா. செருப்பயும் எடுத்துப் போட்டா.

அவரு வீட்டுக்குள்ள நான் அன்னைக்குத்தான் மொத மொதல்ல நுழையுதேன். ஒத்த ரூம்பு. தையல் மிசின் மேல துணி போட்டு மூடியிருக்கு. மனுசன் பாதியாக் கெடக்காரு, ஆனா அதே வெள்ளச் சட்டை. என்னயப் பாத்ததும் அந்தக் கோணல் வாயோட மெல்லமாக் கேக்காரு, 'ரூபா வரலியா?'

பாத்தீயளா? மொத வார்த்தையே அதான். சட்டிய அப்பிடியே வச்சிட்டுத் திரும்பிருவோமான்னு நெனச்சேன். 'வரல, நாந்தான்'னேன். 'நெஞ்சு எப்பிடி இருக்குவே?'ன்னாரு. 'பரவால்ல அண்ணாச்சி'ன்னேன். உக்காந்து ஊட்டுனேன். மொத வாயே பெரிசா வச்சிட்டேன், பொரையேறிட்டு. தலையத் தட்டி, தண்ணி குடுத்து, நான் பயந்தே போயிட்டேன். அவரு சிரிக்காரு. 'மெல்ல வே, இது ஒண்ணும் கடைசி பஸ்ஸு இல்ல'ங்காரு.

கேட்டே போட்டேன். 'அண்ணாச்சி, அன்னைக்கு நெசமாவே உபவாசம் இருந்தீயளா, இல்ல சோறு வரலன்னு அப்பிடிச் சொன்னீயளா?' 'ரெண்டுந்தான்'னாரு. 'மத்தியானம் வரைக்கும் சோறு வரல. வராதுன்னு தெரிஞ்சதுக்குப் பெறவு உபவாசம். சும்மா பட்டினி கெடக்கதுக்கு உமக்குன்னு கெடந்தா உமக்காவது ஆவுமில்ல.'

பெறவு அவராவே சொன்னாரு. 'உம்ம மேல எனக்கு ஒரு காலத்துல அம்புட்டுக் கோவம் வே.' இவருக்கு என் மேல கோவமா? 'ராத்திரி பாட்டுப் படிச்சிட்டு இருப்போம். நல்ல எடத்துல இருக்கும்போது உம்ம விசிலு கேக்கும். ரெண்டு விசிலு. உடனே ரூபா பொஸ்தகத்த மூடிரும். அவிய வந்துட்டாவ அண்ணேன்னு எந்திரிச்சுப் போயிரும். நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், இந்த ஒரு அடிய முடிச்சிட்டுப் போன்னு. நிக்காது. எத்தனையோ பாட்டு பாதியில நின்னுருக்கு உம்ம விசிலால.'

நான் சோத்தப் பெசஞ்சிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் பெசஞ்சிட்டேன் போல, 'போதும்வே, கஞ்சியாயிரும்'னாரு.

அன்னைக்கு நானே குளிப்பாட்டி விட்டேன். முதுகத் திருப்பிப் பாத்தா ரெண்டு எடத்துல செவந்து தோலு வழண்டு கெடக்கு. யோபு பய மேலோட்டமாத் தொடச்சிட்டுப் போயிருக்கான், ஒழுங்காப் பாக்கல. அடுத்தவன நம்பி விட்டா இப்பிடித்தான். அதுக்குத்தான் இந்த மெத்தை. பெண்கள் சங்கத்துல வாங்கித் தாரோம்னாவ. அதெப்பிடி? வியாழக்கிழமைக்காரன் நான் இருக்கும்போது இவிய எதுக்கு?

எங்க வீட்டு முறைன்னா இப்பம் நான்தான். ரூபாவுக்கு அவருக்கு ஊட்டத் தெரியாது தம்பி. தெரியும்னு நெனச்சிட்டு இருந்திருக்கா. இடது கன்னத்துல சோறு தங்கிரும், அவருக்கு உணர்ச்சி கெடையாது. வெரல விட்டு மெல்ல எடுக்கணும். நாந்தான் கண்டுபிடிச்சேன். மீனும் நானே முள்ளு எடுக்கேன். அவ எடுத்ததுல போன மாசம் ஒரு முள்ளு இருந்துச்சு, காட்டிக் குடுத்தேன்.

கோயிலுக்கா? நான் போறதில்லன்னு சொன்னேனே. ஞாயித்துக்கிழமை அவரு பேர ஒழுங்கா வாசிக்காவளான்னு பாக்க மட்டும் போவேன். ஒரு நாளு ஐயரு மறந்துட்டாரு. நான் எந்திரிச்சு நின்னு, 'ஐயரே, மாசிலாமணி'ன்னேன். கோயிலே திரும்பிப் பாத்துச்சு. ரூபா குனிஞ்சுக்கிட்டா. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல, தோளு மட்டும் குலுங்குச்சு. மத்தபடி இந்தக் காலத்துல கோயில் எதுக்குங்கேன்? நான் சொன்னதுல மாத்தம் இல்ல.

எதுக்கு வண்டி நிக்கி? ரயில்வே கேட்டா? சரியாப் போச்சு. இருட்டிட்டு வருது பாருங்க. ஒரு நிமிசம் தம்பி, போன் அடிக்கி. வீட்டுல இருந்துதான்.

அலோ. ஆமா, வாங்கிட்டேன். கேட்டுல நிக்கி. வந்துருவேன், ராத்திரிச் சோத்த நானே வந்து ஊட்டிருவேன், நீ மீன மட்டும் வேக வச்சி வையி. என்னது? சாப்ட்டாச்சா? யாரு ஊட்டுனா? நீயா? உன்ன யாருட்டி போவச் சொன்னது? இன்னைக்கு என் முறையில்லா? கன்னத்துல வெரல விட்டுப் பாத்தியா? ம். ம். என்ன கேட்டாரு? சரி, வையி.

பாத்தீயளா தம்பி அநியாயத்த? கட்டுன பொஞ்சாதி, நான் இந்தப் பக்கம் வந்ததும் அந்தப் பக்கம் தூக்குச்சட்டியோட போயிட்டா. மொத வாய் வாங்குறதுக்கு முன்னால அவரு, 'விசிலு இன்னும் கேக்கலியே'ன்னு கேட்டாராம். கேட்டுக்கிட்டீயளா? என்னத்தான் தேடிருக்காரு. அவளத் தேடல. அது தெரிஞ்சும் ஊட்டிருக்கா பாருங்க. 'மனுசன் பசியோட இருக்கக் கூடாதுல்லா'ன்னு எனக்குப் புத்தி சொல்லுதா.

இருந்தா என்ன? எனக்காக ஒரு நாள் பூரா இருந்தவரு தம்பி அவரு. இந்த ஒரு கேட்டு தொறக்குற வரைக்கும் இருக்க மாட்டாரா?